மூன்று புயலுக்கும் என் பெயர்

கூரை வேலை செய்கிறவனின் பெயரை வெயில் காலத்தில் யாரும் சொல்வதில்லை. ஒழுகும்போதுதான் சொல்வார்கள், அதையும் நல்ல விதமாகச் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் முதுகு காய்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் உங்கள் வீட்டு ஓடாவியைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் தச்சு வேலை செய்கிறவனை ஓடாவி என்போம்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதில் ஓடாவி. கதவு, ஜன்னல் எல்லாம் செய்யத் தெரியும். ஆனாலும் கூரைதான் என் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆட்களோடு கதைக்கக் கூச்சம். கூரைக்கு மேலே ஏறிவிட்டால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதும் இந்தத் தொழிலை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம். வாங்கிய ஓடு எத்தனை, ஏற்றியது எத்தனை, உடைந்தது எத்தனை என்று கணக்கு வைத்திருப்பேன். கணக்கு நம்மை ஒன்றும் கேட்காது.

இப்போது புயல் வருவதற்கு முன்னமே அதற்குப் பெயர் வந்துவிடுகிறது. பெரிய கந்தோர்களில் அதிகாரிகள் உட்கார்ந்து வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்களாம். நான் சொல்லும் காலத்தில், எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும், எங்கள் கடலில் வந்த புயலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே அந்த வேலையை எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடை எடுத்துக்கொண்டது. அங்கே மூன்று புயலுக்கு ஒரே பெயரை வைத்தார்கள். அது என் பெயர்: இஸ்மாலெவ்வை.

பெயர்தானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு மகள் இருந்தாள். கலியாணத்தில் காவின் என்ற பதிவை எழுதும்போது, சபை நடுவே கலியாணத்தை நடத்திவைக்கும் லெவ்வை எழுந்து, இன்னாருடைய மகள் இன்னாள் என்று தகப்பன் பெயரை உரத்துச் சொல்வார். அப்போது சபை சிரிக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்குள் அந்தப் பெயரைப் புயலில் இருந்து கழற்றி எடுக்க நான் பட்ட பாடுதான் இது.

வாயைத் திறந்த நாள்

எழுபத்தெட்டு நவம்பரில் காசிம் ஹாஜியாரின் புடவைக் கடைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன். ஓடு எல்லாம் ஏறிவிட்டது. முகட்டு ஓடு வைத்துச் சாந்து பூசுவதுதான் மிச்சம். காலையில் இருந்தே வானொலியில் சூறாவளி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடல் இரைச்சல் கடைத்தெருவரைக்கும் கேட்டது. ஹாஜியார் கீழே குடையோடு நின்று, "ஓடாவி, இது நிக்குமா?" என்று கேட்டார்.

வழக்கமாக நான் தலையை ஆட்டுவேன். முகட்டில் இருந்து தலையை ஆட்டினால் கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. ஆகவே சத்தம் போட்டுச் சொல்லவேண்டி வந்தது. உறுதியாகச் சொல்ல வேண்டுமே என்று, "ஊரில இரிக்கிற எல்லாக் கூரையும் போனாத்தான் ஹாஜியார், இந்தக் கூரை போகும்!" என்றேன். கடைத்தெருவில் நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவ்வளவு உரத்துக் கதைத்ததை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் தொடங்கியதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது. போன உயிர்களைப் பற்றி சிரிக்கச் சொல்லும் இந்தப் பகிடிக் கதையில் எழுதமாட்டேன். விடிந்தபோது தென்னைகள் எல்லாம் தலை இல்லாமல் நின்றன. ஊரில் ஒரு கூரை இல்லை. ஹாஜியாரின் கூரையும் இல்லை. நான் அவர் கண்ணில் படாமல் இருக்கப் பார்த்தேன். ஆனால் நிவாரண அரிசிக்கு எல்லோரும் ஒரே வரிசையில்தானே நிற்க வேண்டும். ஹாஜியார் எனக்கு முன்னால் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, வரிசையின் இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னார்: "இஸ்மாலெவ்வை ஒரு சொல்லும் பொய் சொல்லல்ல. எதிர் ஊட்டு மாடியில நிண்டு நான் கண்ணால பாத்த. எல்லாக் கூரையும் போன பொறகுதான் என்ட கூரை போன."

வரிசை கலைவதற்குள் புயலுக்குப் பெயர் வந்துவிட்டது. முதலில் 'இஸ்மாலெவ்வை சொன்ன புயல்' என்றார்கள். பிறகு 'இஸ்மாலெவ்வைட புயல்' ஆனது. கடைசியில் புயல் என்ற சொல்லையும் விட்டுவிட்டு வெறும் 'இஸ்மாலெவ்வை' என்றார்கள். நான் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரிடம் போய், பள்ளிவாசலில் ஒரு வார்த்தை சொல்லி இதை நிறுத்த முடியாதா என்று கேட்டேன். பள்ளிவாசலுக்கும் அன்று கூரை இல்லை. அவர் வெயிலுக்குத் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஓடாவி, முதல்ல பள்ளிக்குக் கூரையைப் போடுங்க. பேரைப் பொறகு பாப்பம்."

இரண்டாவதுக்கும் நானே

அடுத்த மாரியிலேயே வானொலியில் மறுபடியும் தாழமுக்கம், புயலாகலாம் என்றார்கள். ஊர் இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. கூரை பறக்கக் கூடாது என்று ஆளாளுக்குக் கையில் கிடைத்த பாரத்தை எல்லாம் மேலே ஏற்றினார்கள். மண் மூட்டை, அம்மி, உரல், பழைய சைக்கிள். கடற்கரையில் தோணி வைத்திருந்த ஒருவர் நங்கூரத்தையே கொண்டுபோய் முகட்டில் மாட்டினார். எத்தனை ஓடு உடைந்தது என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். காற்று உடைத்தது கொஞ்சம், உரல் உடைத்தது அதிகம்.

காற்று வந்தது. ஒரு பப்பாசி மரத்தை முறித்தது, தேத்தண்ணிக் கடை அலியார் காக்காவின் முன்பக்கத் தென்னோலைக் கிடுகைக் கிளப்பியது, அங்கங்கே நாலு ஓடுகளை நகர்த்தியது, போய்விட்டது. அண்ணன் முறையானவரை நாங்கள் காக்கா என்போம். மறுநாள் கடையில் இதற்கு என்ன பெயர் என்று கதை தொடங்கியது. நான் மூலையில் வெறுந்தேத்தண்ணியோடு இருந்தேன்.

எங்கள் ஊரில் பெயர் வைக்கிற முறையை இங்கே சொல்ல வேண்டும். எதற்கும் ஒரு ஆள் வேண்டும், அவருக்கு ஒரு கதை வேண்டும். கச்சிமுகம்மது என்பவர் சைக்கிளோடு விழுந்த மதகு இன்றைக்கும் கச்சிமுகம்மது மதகுதான். அவருக்குப் பிறகு அதில் எத்தனையோ பேர் விழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. கச்சிமுகம்மது அளவுக்கு வடிவாக யாரும் விழவில்லை என்பது ஊரின் முடிவு.

"இதுக்கு என்ன கதை இரிக்கி?" என்று அலியார் காக்கா கேட்டார். "பப்பாசி முறிஞ்சதெல்லாம் ஒரு கதையா?" எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் துணிந்து, "காக்கா, இந்த முறை நான் வாயே திறக்கல்லியே" என்றேன். அவர் தேத்தண்ணியை ஆற்றியபடி ஆறுதலாகச் சொன்னார்: "ஓம், ஓடாவி, தெரியும். ஆனா இருக்கிற பேரை வெச்சிக்கிட்டுப் புதுசா எதுக்கு? உங்கள விட நல்ல கதை ஒண்டு வரட்டும், அண்டைக்கே மாத்திருவம்."

பெரியநீலாவணைக் கூரை

முதல் புயலுக்குப் பிறகு யாரும் சும்மா கூரை போட விடவில்லை. எத்தனை நாளைக்குப் பொறுப்பு என்று கேட்டார்கள். நாங்கள் ஓடாவிமார் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகினோம்: அடுத்த புயல் வரைக்கும் பொறுப்பு. அதற்குள் ஓடு நழுவினால் கூலி இல்லாமல் வந்து சரி செய்வோம். புயல் வந்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது. நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன், கணபதிப்பிள்ளை அண்ணன் வரும்வரை.

அவர் பெரியநீலாவணையில் வயல் செய்கிறவர். முதலாவதுக்குப் பிறகு அவர் வீட்டுக் கூரையை நான்தான் போட்டேன். இரண்டாவதில் அதில் கொஞ்ச ஓடு நழுவிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, ஓடு நழுவிற்றுது."

"புயல் வந்ததே அண்ணன்."

"எது புயல்? அதுவா? அது காத்து. சும்மா காத்து."

"ஊரில எல்லாரும் புயல் எண்டுதானே சொல்றாங்க."

"என்ன புயல்? பேரைச் சொல்லு பாப்பம்."

என் சங்கடத்தைப் பாருங்கள். அதைப் புயல் என்றால் என் பொறுப்புத் தீரும், ஆனால் என் பெயரை நானே அதற்கு வைத்தது போல் ஆகும். புயல் இல்லை என்றால் பெயர் கழன்றுவிடும், ஆனால் கூலி இல்லாமல் ஏணியில் ஏற வேண்டும். நான் மகளை நினைத்தேன். காவின் சபையை நினைத்தேன். "புயல் இல்லண்ணன், காத்துத்தான்" என்று சொல்லி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. மருதமுனையில் இருந்து காரைதீவு வரைக்கும் நான் கூரை போட்டவர்கள் எல்லோரும், வந்தது காற்றுத்தான் என்று ஒரே நாளில் ஒத்துக்கொண்டார்கள். அந்த மாரி முழுக்கச் சும்மா ஓடு மாற்றினேன். என் மனைவி அடுப்படியில் பாத்திரங்களை வழக்கத்தைவிட உரத்து வைத்தாள். இருந்தாலும் எனக்குள் ஒரு நிம்மதி. இத்தனை பேர் புயல் இல்லை என்று ஒத்துக்கொண்ட பிறகு, இல்லாத புயலுக்கு எப்படி என் பெயர் இருக்கும்?

கணபதிப்பிள்ளை அண்ணன் நன்றி மறவாத மனிதர். எனக்கு ஒரு வாழைக்குலை தந்தார். அதோடு விட்டிருக்கலாம். கல்முனை பஸ்ஸில் நான் பின்னால் இருப்பது தெரியாமல், அல்லது தெரிந்துதானோ, பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "இஸ்மாலெவ்வையில போன ஓட்டை இஸ்மாலெவ்வையே வந்து போட்டுத் தந்திற்றுப் போனார். இனி எத்தின இஸ்மாலெவ்வை வந்தாலும் எனக்குப் பயமில்ல!"

காதுக்கு எட்டாத கை

மூன்றாவது புயல் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. வானொலியில் வருகிறது என்றார்கள், கடலிலேயே திரும்பி வேறு திசையில் போய்விட்டது. எங்களுக்கு மழைதான் கிடைத்தது. வராத புயலுக்குப் பெயர் தேவையில்லை என்று நினைத்தேன். தேத்தண்ணிக் கடையில் அப்படி நினைக்கவில்லை. "இஸ்மாலெவ்வை வாசலுக்கு வந்து கூச்சப்பட்டுத் திரும்பிற்று" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் வாசலுக்குள் போகாமல் திரும்பி நடந்தேன்.

இப்படி மூன்று புயலுக்கும் ஒரே பெயர் ஆனதும் ஊரில் குழப்பம் தொடங்கியது. எங்கள் ஆட்கள் எதையும் புயலை வைத்துத்தான் சொல்வார்கள். பசு கன்று போட்டது, கிணறு வெட்டியது, மருமகன் கோபித்துக்கொண்டு போனது எல்லாம் இஸ்மாலெவ்வையில்தான் நடந்தது. எந்த இஸ்மாலெவ்வை என்று கேட்டால் அடிபிடி.

ஒரு ஜனவரியில் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே தலைமையாசிரியரான அதிபர் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பாத்தும்மா என்று ஒரு தாய், எங்கள் தெருதான், மகனைக் கூட்டி வந்திருந்தார். பிறப்புப் பத்திரம் எடுத்திருக்கவில்லை. "சேர், இஸ்மாலெவ்வையில பொறந்த புள்ள, அஞ்சு வயசு முடிஞ்சி" என்றார். அதிபர் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். அது உச்சந்தலையைத் தாண்டவில்லை.

"கை எட்டல்லியே."

"கை குட்டை சேர். வாப்பாட பக்கம் எல்லாரும் அப்படித்தான்."

"எந்த இஸ்மாலெவ்வையில பொறந்த?"

"இருக்கிறது ஒரு இஸ்மாலெவ்வைதானே சேர்?"

"மூணு இரிக்கி" என்றார் அதிபர். பிறகு நிமிர்ந்து என்னைக் கண்டார். "ஓடாவி, கொஞ்சம் இறங்குங்க."

எனக்கு அந்தப் பிள்ளை பிறந்த நாள் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இரண்டாவது வருகிறது என்றபோது நான் பாத்தும்மாவின் வீட்டுத் தகரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வலி தொடங்கிவிட்டது, ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. பாத்தும்மாவின் தாய் வெளியே வந்து கத்த, நான்தான் இறங்கி ஓடிப்போய் மருத்துவிச்சியைக் கூட்டி வந்தேன். அதை இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது, சேர்" என்று மட்டும் சொன்னேன்.

அதிபர் பேனாவை வைத்துவிட்டார். "அப்ப ரெண்டாவதும் உங்கடதுதான் எண்டு ஒத்துக்கிறீங்க?" வரிசையில் நின்ற தாய்மார் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஒரு வயது குறைவு, அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். பாத்தும்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது நின்றார். "ஊருக்கெல்லாம் மூணு புயல் குடுத்த மனிசன். என்ட புள்ளைக்கு ஒரு வருசம் குடுக்க மனசில்ல!"

ஓய்வு பெற்ற பெயர்கள்

அதற்குப் பிறகு அட்டாளைச்சேனையில் ஒரு ஆசிரியர் வீட்டில் வேலை கிடைத்தது. தன்மையானவர். நான் கூரையில் இருக்க, அவர் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு புத்தகத்தில் படித்ததை எல்லாம் எனக்குச் சொல்வார். நான் கதைக்காமல் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் புயல்களைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காப் பக்கத்தில் புயலுக்கு ஆட்களின் பெயர்தான் வைப்பார்களாம். முன்பு பெண்களின் பெயர் மட்டும் வைத்தார்களாம், இப்போது ஆண்களின் பெயரும் உண்டாம். ஒரு வரிசை முடிந்தால் சில வருஷம் கழித்து அதே பெயர்கள் திரும்பவும் வருமாம். ஒரே பெயரில் பல புயல் அங்கேயும் இருக்கிறதாம்.

"ஆனா ஒண்டு ஓடாவி," என்றார். "ஒரு புயல் பெரிய அழிவு செஞ்சா, அந்தப் பேரை அதுக்குப் பொறகு வைக்கமாட்டாங்க. அதோட அந்தப் பேருக்கு ஓய்வு."

சுத்தியல் என் கையிலேயே நின்றுவிட்டது. "பென்ஷனா சேர்?"

"ஓம், பென்ஷன் மாதிரித்தான்."

அன்று வேலை முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாவது செய்த அழிவு போதாதா? என் பெயருக்கு அன்றைக்கே ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அந்த நாளில்தான் ஆசிரியர் இன்னொரு கதையும் எடுத்தார். அவருடைய தம்பி சமீம், கூட்டுறவுக் கடையில் வேலை, நல்ல பிள்ளை. என் மகளுக்குப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு வீட்டாரும் போய் வந்தார்கள், பிடித்துக்கொண்டது. இனி அந்தச் சபை எங்கோ தூரத்தில் இல்லை.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் போய், என் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினேன். அமெரிக்காவைச் சொன்னேன், ஓய்வைச் சொன்னேன், மகளைச் சொன்னேன். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அலியார் காக்கா கோப்பையைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நியாயந்தான்" என்றார். "முதலாவதோட உங்களுக்குப் பென்ஷன் தந்திருக்கணும். ஆனா ஓடாவி, மத்த ரெண்டும் நீங்க பென்ஷன் எடுத்த பொறகு செஞ்ச வேலை. அதுக்கு என்ன சொல்றீங்க?" அதோடு கடை சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவர் இரக்கத்தோடு, "சரி, எடுத்திருவம். ஆனா பேரில்லாம புயலை விட ஏலாது. உங்கட இடத்துக்கு ஆரு வாறது?" என்று கேட்டுச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவு பேரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் காசிம் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர்தானே இதைத் தொடங்கி வைத்தவர். ஹாஜியார் எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "முதலாவதுக்கு என்ட கூரையைக் குடுத்த நான். பேரையும் என்னையே குடுக்கச் சொல்றது நாயமில்ல."

இரவல் குடை

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியிருப்பார். எங்கள் வீட்டைச் சுற்றிய வளவுக்குள்ளேயே மகளுக்கு வீடு கட்டினேன். அதன் கூரையைப் போல ஒரு கூரையை நான் வேறு யாருக்கும் போட்டதில்லை. ஓடுகள் ஒவ்வொன்றையும் அடியில் கம்பியால் கட்டினேன். யாரும் "நிக்குமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வைத்த நாள் மாரியில் விழுந்தது. அன்று காலை வானொலியில் தாழமுக்கம். என் மனைவி வானொலியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "கலியாணமும் வருது, புயலும் வருது. ரெண்டு இடத்திலயும் உங்கட பேருதான்" என்றாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையைப் பள்ளிவாசலில் இருந்து அழைத்து வந்தார்கள். முன்னால் றபான் மேளம் அடித்துப் பாடிக்கொண்டு பக்கீர்மார். நடுவில் மாப்பிள்ளை, தலைப்பாகை, மாலை எல்லாவற்றோடும். மேலே சரிகைக் குஞ்சம் வைத்த பெரிய பட்டுக் குடை. அதை மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் பிடித்து வந்தார். எங்கள் ஒழுங்கை கடற்கரையில் இருந்து நேராக வரும் சின்னத் தெரு. ஊர் தெருவின் இரண்டு பக்கமும் நின்றது. நான் வாசலில் நின்றேன். ஒழுங்கை முனையில் அவர்கள் திரும்பியபோது காற்று ஒரு வீச்சு வீசியது.

சிநேகிதர் குடையை விட்டுவிட்டார். புத்தியுள்ள ஆள் எவரும் விட்டிருப்பார். சமீம் எட்டிப் பிடித்துக்கொண்டார். அது இரவல் குடை. பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய தாய் சொல்லி அனுப்பியிருந்தாராம். குடையைக் காற்று இழுத்தது, மாப்பிள்ளையைக் குடை இழுத்தது. அவர் ஓட்டமும் பாய்ச்சலுமாக ஒழுங்கையைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பக்கீர்மார் பாட்டை நிறுத்தவில்லை. பாட்டின் நடுவில் எப்படி நிறுத்துவது?

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அந்த வீட்டில் ஆசியா உம்மா என்ற வயதான பெண் தனியாக இருந்தார். கோழிகளை மழைக்கு முன் அடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். மாப்பிள்ளை அவருடைய ஆட்டுப்பட்டிக்கு முன்னால் மணலில் இருந்தார். ஒரு கீறல் இல்லை. தலைப்பாகையைக் காணோம். குடை மட்டும் அவர் தலைக்கு மேலே நேராக, ஒரு குஞ்சம் குறையாமல் நின்றது. ஆடு மாலையைத் தின்னத் தொடங்கியிருந்தது. ஆசியா உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "மகன், பொண்ணூடு அடுத்த ஊடு. இஞ்ச நான் மட்டுந்தான் இரிக்கன்."

காவின் சபை கூடியது. வெளியே மழை கொட்டியது, காற்று கூரையைத் தட்டிப் பார்த்தது. ஒரு ஓடும் அசையவில்லை. லெவ்வை எழுந்தார். எட்டு வருஷமாவது இருக்கும், இந்த நிமிஷத்தை நினைத்து நான் வியர்த்தது. கண்ணை மூடிக்கொண்டேன். "இஸ்மாலெவ்வையுடைய மகள்" என்று அவர் உரத்துச் சொன்னார். ஒரு சத்தம் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். சபை முழுவதும் மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவர் தலைமுடிக்குள் இருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. என் பெயர் யாருடைய பெயரையும் போல வந்து போய்விட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அலியார் காக்கா பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் இருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஓடாவி, உங்கள விட நல்ல கதை கிடைச்சிற்று. உங்களுக்குப் பென்ஷன். இனிமேப்பட்டு இது சமீம்."

மறுநாள் காலையில் ஊர் முழுக்க அதுதான் கதை. சமீமில் யாருக்கு எத்தனை ஓடு போனது, சமீம் எத்தனை மணிக்கு வந்தது, முதலாவது இஸ்மாலெவ்வையைவிடச் சமீம் எவ்வளவு சின்னது. அதற்குப் பிறகு வந்த இரண்டு காற்றுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். நான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினேன். மருமகன் குடையைத் துடைத்துச் சுருட்டி, குஞ்சங்களை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கணக்கான பிள்ளை என்று எனக்கு அன்றே பிடித்துப்போனது. மகள்தான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஊடு கேட்டாங்க, குடுத்தீங்க. கிணறு கேட்டாங்க, குடுத்தீங்க. இந்தப் பேரை ஆரு வாப்பா கேட்ட?"

பெயர் என்னை விட்டுப் போய்விட்டது உண்மைதான், ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்திருப்பது எங்கள் வழக்கமாகையால், புயல் இன்றுவரைக்கும் எங்கள் வளவை விட்டு வெளியே போகவில்லை.